ஏழாம் பத்தி

சம்மன் கொண்டுவந்த நீதிமன்ற ஊழியர் நேராக மூன்றாம் மாடிக்கு வரவில்லை. முதல் மாடியில் ஒரு கதவைத் தட்டினார். இரண்டாம் மாடியில் இன்னொரு கதவைத் தட்டினார். இரண்டு இடத்திலும் அப்பாவின் பெயரைச் சொல்லி, விவாகரத்து வழக்கு, எந்த வீடு என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே ஏறினார்.

அது நேற்று. இன்று காலை அவன் பால் வாங்க இறங்கியபோது முதல் மாடிக்காரர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக ஆளை நிறுத்தி வைத்து நாட்டு நடப்பு பேசுகிறவர். அவனும் படியைப் பார்த்தபடி இறங்கினான்.

அம்மா வீட்டை விட்டுப் போய் அரை வருடத்துக்கு மேல் ஆகிறது. சித்தியின் சலவைக் கடைக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறாள். கோபம் தணிந்தால் வருவாள் என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள். அவள் வரவில்லை, சம்மன் வந்தது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இது தேவையா என்று ஒரு பெரியப்பா போனில் ஆரம்பித்தார். பிறகு யாரிடம் பேசுகிறோம் என்பது நினைவுக்கு வந்து, நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டார். அவன் மனைவி இறந்து இன்னும் ஒரு வருடம் முடியவில்லை.

வழக்குப் போடப் போவதாக அம்மா சொன்ன அன்று அவன் காரணம் கேட்டான். வக்கீலம்மாவிடம் சொல்லியிருக்கிறேன் என்றாள். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. இந்த ஒரு வருடத்தில் எதையும் இரண்டாவது முறை கேட்கும் பழக்கம் அவனுக்குப் போய்விட்டது.

பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினான். அப்பா சாப்பாட்டு மேசையில் மனுவின் நகலை விரித்து வைத்திருந்தார். இரவெல்லாம் படித்திருப்பார் போல. கண் சிவந்திருந்தது. கையில் பென்சில்.

அப்பா முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவர். கடையை விற்ற பிறகும் தெருவில் பாதிப் பேர் மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு வந்து எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று கேட்டுப் போவார்கள். அவர் குரல் உயர்ந்து அவன் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை. காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"படி."

மனுதாரர் என்றால் அம்மா. எதிர்மனுதாரர் என்றால் அப்பா. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தை யாரோ பத்தி பத்தியாக வெட்டி எண் போட்டிருந்தார்கள். திருமணம் நடந்த நாள் ஒரு பத்தி. ஒரே மகன் என்று அவனுக்கு ஒரு பத்தி. ஏழாம் பத்தியின் ஓரத்தில் பென்சில் கோடு இருந்தது.

எதிர்மனுதாரர் இரவு நேரங்களில் மனுதாரரை வீட்டின் பின்பக்க பால்கனிக்கு வெளியேற்றி, கதவை உட்புறமாகத் தாழிட்டு, விடியும்வரை உள்ளே விடாமல் இருப்பதைப் பல ஆண்டுகளாக வழக்கமாகக் கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தது.

அவன் இரண்டு முறை படித்தான்.

"நீ இந்த வீட்லதான பொறந்து வளர்ந்த," என்றார் அப்பா. "ஒரு நாளாவது பார்த்திருக்கியா?"

"இல்லப்பா."

"கேட்டிருக்கியா?"

"இல்ல."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பால்கனி அம்மாவின் இடம். அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். துணி காயப்போட ஒரு கொடி, ஒரு முக்காலி, இரண்டு வாளி. எதிரே கிடங்கு ஒன்றின் ஜன்னல் இல்லாத சுவர். அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் காலையில் கண் விழித்தால் அம்மா அங்கேதான் நிற்பாள். அவளுக்கு வீட்டுக்குள் மூச்சு முட்டும், காற்று வேண்டும் என்று அப்பா சொல்வார். காத்துவாங்கி என்று ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார். அந்தக் காற்று வாங்குவதைத்தான் வக்கீல்கள் இப்படித் திரித்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. பெற்ற அம்மாவை நினைத்து வெட்கப்படுவது அவனுக்குப் புதிதாக இருந்தது.

அப்பா நிதானமாகச் சொன்னார். அவளுக்குப் பிரிய வேண்டும் என்றால் பிரியட்டும், தடுக்கப் போவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கூட்டு மனு போடலாம், வந்து கையெழுத்துப் போடுகிறேன். வீட்டில் பாதியை எழுதித் தருகிறேன். ஆனால் அந்த ஏழாம் பத்தி தன் பெயரோடு நீதிமன்றத்தில் இருக்கக் கூடாது.

"நாலு பேர் மருந்து கேக்க வர்ற வீடுப்பா இது," என்றார்.

பால் பொங்கி வழிந்தது. அவன் எழுந்து அடுப்பை அணைத்தான். எடுக்கச் சொல்கிறேன் என்றான்.

*

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. வெளியே பெஞ்சில் நான்கு பேர் காத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்காக நான்கு பேரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் ஐந்தாவதாக உட்கார்ந்து அதையே பார்த்தான்.

உள்ளே கூப்பிட்டதும், அம்மா அனுப்பினார்கள் என்றான். அது பொய். வரும் வழியிலேயே யோசித்து வைத்த பொய்.

சம்மதத்தில் முடித்துக்கொள்ள அப்பா தயார் என்றதும் வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். ஐம்பது வயதிருக்கும். தொண்டை கட்டியிருந்தது. இதைத் தினம் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில் விளக்கினார். பிரிவதற்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டு பேரும் சேர்ந்து கேட்பது. அதில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. மனுப் போட்டு, சில மாதம் காத்திருந்து, நீதிபதி இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, உன் விருப்பம்தானா, யாராவது மிரட்டினார்களா என்று கேட்பார். விருப்பம்தான் என்று சொன்னால் முடிந்தது. இன்னொன்று, ஒருவர் மட்டும் கேட்பது. அதற்குக் காரணம் வேண்டும்.

"பிடிக்கலங்கறது காரணம் இல்ல தம்பி. சட்டம் ஒத்துக்கற காரணம் நாலஞ்சுதான். உங்கம்மா சொன்னது கொடுமை. கொடுமைன்னா என்ன கொடுமைன்னு எழுதணும். எழுதினதை நிரூபிக்கணும்."

முதலில் எதிர்த் தரப்பு பதில் மனு போடும். பிறகு ஆலோசகர் இருவரையும் உட்கார வைத்துச் சேர்ந்து வாழ முடியுமா என்று பேசிப் பார்ப்பார். முடியாவிட்டால் சாட்சி விசாரணை. அம்மா கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அப்பாவின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். அதற்குப் பிறகு மற்ற சாட்சிகள். அதற்கும் பிறகுதான் தீர்ப்பு. அதன் மேல் அப்பீல் போகவும் வழி உண்டு.

இவ்வளவு தேவையில்லை, ஏழாம் பத்தியை மட்டும் எடுத்தால் போதும் என்றான். அது பொய்யான பத்தி என்றான்.

வக்கீலம்மா அவனைப் பார்த்தார்.

"பொய்யின்னு யார் சொன்னா?"

"நான் அந்த வீட்லதான் இருந்தேன்."

"எந்த ரூம்ல?"

"முன்பக்கம்."

"பால்கனி?"

"பின்பக்கம். சமையலறையைத் தாண்டி."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மனு அம்மாவுடையது, ஒரு எழுத்தை எடுப்பதென்றாலும் அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், மாலை நான்கு மணிக்கு அழைத்து வாருங்கள் என்றார். அவன் எழுந்த பிறகு இன்னொன்றும் சொன்னார்.

"இதெல்லாம் உண்மைன்னு உறுதி சொல்லித்தான் உங்கம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க சொல்றது சரின்னா அவங்க பொய்ச் சத்தியம் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். அப்புறம் நான் அந்த மனுவை எடுத்துக்கிட்டு ஜட்ஜ் முன்னாடி போய் நிக்க முடியாது. யோசிச்சுப் பேசுங்க."

பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். அவன் வெளியே வந்தபோது நான்கு பேரும் காலண்டரை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

*

அவனுக்குக் குளிர்கிடங்கில் வேலை. ஷிப்டு பொறுப்பாளர். பழமும் இறைச்சியும் தனித்தனி அறைகளில் உறைந்து கிடக்கும். உள்ளே போன ஆள் தெரியாமல் மாட்டிக்கொண்டால் திறந்துகொண்டு வருவதற்காக ஒவ்வொரு கதவின் உட்புறத்திலும் ஒரு தள்ளுகட்டை உண்டு. ஷிப்டு தொடங்கியதும் ஒவ்வொரு அறைக்குள்ளும் போய், கதவை மூடி, உள்ளிருந்து தள்ளிப் பார்ப்பது அவன் வேலை. பார்த்தான். எல்லாம் திறந்தன.

பிறகு அப்பாவுக்குப் போன் செய்து, சாயங்காலம் எடுத்துவிடுவார்கள் என்றான். நல்லது என்றார் அப்பா. காலையில் சாப்பிடாமல் போய்விட்டாயே, ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டார்.

*

சலவைக் கடையில் நீராவி பொங்கிக்கொண்டிருந்தது. வரிசையாகத் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவில் சித்தியின் தலை மட்டும் தெரிந்தது. அம்மாவைவிட ஏழு வயது சின்னவள். வாய் எழுபது வயது பெரியது என்று அம்மாவே சொல்வாள்.

"வாங்க தூதரே," என்றாள் சித்தி. "வெள்ளைக்கொடி எங்க? கொண்டு வந்திருந்தா துவைச்சுக் கொடுத்திருப்பேன். பழுப்பேறிப் போயிருக்கும்."

அம்மா பின்னால் இஸ்திரி மேசையில் இருந்தாள். அரை வருடத்தில் இளைத்திருந்தாள். ஆனால் முகம் தெளிந்திருந்தது. அதை அவன் இதற்கு முன்பே கவனித்திருந்தான். கவனித்து, அப்பாவுக்காகக் கொஞ்சம் வருந்தவும் செய்திருந்தான்.

சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றான். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும்.

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அப்பா எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்கிறார். ஊர் சிரிக்க வேண்டாம், கூண்டில் ஏற வேண்டாம், சில மாதத்தில் முடிந்துவிடும். நான்கு மணிக்கு வக்கீலம்மாவிடம் போய் ஏழாம் பத்தியை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

"கையெழுத்துப் போடறாராமா?" என்றாள் சித்தி. "தர்மப் பிரபு. சிலை வைக்கணும்."

முன்னால் யாரோ வந்திருக்கிறார்கள், போய்ப் பார் என்று அம்மா அவளை அனுப்பினாள். யாரும் வந்திருக்கவில்லை. சித்தி போனாள்.

"எதுக்கு எடுக்கணும்?"

"பொய்யாச்சேம்மா அது."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சட்டைக் காலரை விரலால் நீவினாள்.

"அந்தக் கதவுல ஒரு தாழ்ப்பாள் இருந்துச்சே. யார் கழட்டினா?"

"நான்தான்."

"யார் சொல்லி?"

அவன் மனைவி சொல்லி. கல்யாணமான புதிது. துணி எடுக்கப் போகும்போதெல்லாம் தாழ்ப்பாள் கையைக் கீறுகிறது, கழற்றி எறியுங்கள் என்றாள். மூன்றாம் மாடிக்குப் பின்பக்கமாக எந்தத் திருடன் வரப்போகிறான் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஸ்க்ரூ டிரைவரோடு போய்க் கழற்றினான். அப்பா ஒரு வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கதவின் பெயிண்ட் பெயர்ந்துவிட்டதற்காக என்று நினைத்துக்கொண்டான்.

"கையைக் கீறுதுன்னா சொன்னா," என்றாள் அம்மா. "பாவம். வேற என்னன்னு சொல்லுவா உன்கிட்ட."

அம்மா சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். மருமகள் ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். சமையலறையில் யாரையும் காணோம். பால்கனிக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வெளியே இருமல் கேட்டது. திறந்தாள். கொடியில் காயப்போட்டிருந்த போர்வையை உருவிப் போர்த்திக்கொண்டு மாமியார் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். அந்த வாரமே தாழ்ப்பாள் போய்விட்டது.

"வந்து ரெண்டு மாசம் ஆகல அவ," என்றாள் அம்மா. அதோடு நிறுத்திக்கொண்டாள். அவன் அந்த வீட்டில் எத்தனை வருடம் இருந்தான் என்று அவள் சொல்லவில்லை.

"எதுக்கும்மா வெளியே விடுவார்?"

"எதுக்கும். டீயில சர்க்கரை கூடிப்போச்சு. உன் சித்திகிட்ட போன்ல அதிக நேரம் பேசிட்டேன். கடையில அவருக்கு ஏதோ நஷ்டம். சத்தம் போட மாட்டாரு. 'போ'ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நானே எழுந்து நடந்து போய் வெளியே நிப்பேன். உள்ளேருந்து தாழ் விழும்."

மடித்த சட்டையை மீண்டும் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"கையைப் பிடிச்சு இழுத்துத் தள்ளியிருந்தாக்கூட நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பேன். நானே நடந்துல்ல போனேன். அதை எப்படி வெளியே சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உனக்குத் தெரியும்னுதான் கொஞ்ச நாள் நினைச்சிருந்தேன். காத்துவாங்கின்னு நீயும்தான கூப்பிட்ட."

அம்மா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சட்டையில் பட்டன் இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். அவனால் நிமிர முடியவில்லை. தரையில் அறுந்து கிடந்த துணிச் சீட்டுகளின் எண்களைப் படித்தான்.

மீதியையும் அவளே சொன்னாள். வக்கீலம்மாவிடம் முதன்முதலில் அவளை அழைத்துப்போனது மருமகள்தான். உங்கள் மகனிடம் சொல்லட்டுமா அத்தை என்று அவள் கேட்டபோது, வேண்டாம், அவன் அப்பாவைப் பெரிதாக நினைத்திருக்கிறான், அது அப்படியே இருக்கட்டும் என்று இவள்தான் சத்தியம் வாங்கினாள். நான் பார்த்ததைக் கோர்ட்டில் சொல்கிறேன் அத்தை, நீங்கள் பயப்படாதீர்கள் என்று சொன்னவள், மனு எழுதி முடிப்பதற்குள் படுக்கையில் விழுந்தாள். படுத்தவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அம்மா மனுவை மறந்தாள்.

"அவ போன மறு மாசம் புதுத் தாழ்ப்பாள் வாங்கிட்டு வந்தாரு," என்றாள் அம்மா. "முக்காலி மேல ஏறி, கதவோட உச்சியில அடிச்சாரு. கழட்டணும்னாலும் எனக்கு எட்டாத உயரத்துல."

அவனுக்கு அந்த நாள் தெரியும். முக்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டது அவன். ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்ததும் அவன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் செய்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான், பிடிக்கச் சொன்னால் பிடித்தான். சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஒரு பையோடு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"உன்னைச் சொல்லல," என்றாள் அம்மா. "நீ அப்ப நீயா இல்ல."

அவன் குனிந்து ஒரு துணிச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

"நாலு மணிக்குத்தான? வர்றேன். எடுத்துடலாம். நீ அந்த வீட்ல இருக்கணும், அவர் மூஞ்சியில முழிக்கணும். நான் வெளியே வந்தாச்சு. அது போதும்."

கோட்டுகளுக்கு நடுவிலிருந்து சித்தி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நல்லாப் பேசற," என்றாள். "அன்னைக்கு அவர் போன்னாரு, நடந்து போன. இன்னைக்குப் புள்ள எடுன்றான், நடந்து போற. உன் காலைத்தான் முதல்ல கோர்ட்ல நிறுத்தணும்."

அம்மா சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

*

வக்கீலம்மா தயாராக வைத்திருந்தார். ஏழாம் பத்தியை நீக்கக் கோரும் காகிதம் ஒன்று. அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடினாள். கடையிலேயே வைத்துவிட்டாள். எங்கே போட வேண்டும் என்று விரலை வைத்துக் கேட்டாள்.

"இருக்கட்டும்," என்றான் அவன்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"அந்தப் பத்தி இருக்கட்டும். காலையில அம்மா என்னை அனுப்பல. நானா வந்தேன். பொய்னு சொன்னதும் நானாச் சொன்னதுதான்."

வக்கீலம்மாவுக்கு இது ஆச்சரியமாக இருந்ததாகத் தெரியவில்லை. காகிதத்தை இழுப்பறையில் போட்டார். எடுத்தால் சில மாதம், எடுக்காவிட்டால் வருடக்கணக்கில் இழுக்கும், உங்கள் கணவர் சம்மதத்துக்கு வரமாட்டார், வழக்கு நடத்தித்தான் ஆக வேண்டும் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அம்மா அவனைப் பார்த்தாள். பிறகு, கடையில் வேலை இருக்கிறது, பொழுது போய்விடும் என்றாள்.

"சரி. சாட்சிக்கு என்ன பண்றது?" என்றார் வக்கீலம்மா. "பார்த்த ஒரே ஆள் இல்ல இப்ப."

தன் மனைவி பார்த்ததைத் தான் சொல்லலாமா என்று அவன் கேட்டான். முடியாது என்றார். உங்கள் மனைவி பார்த்ததாக அம்மா சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டதைக் கூண்டில் சொன்னால் நிற்காது. சாட்சி என்பவன் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும், தன் காதால் கேட்டதைச் சொல்ல வேண்டும், தன் கையால் செய்ததைச் சொல்ல வேண்டும்.

"உங்க கையால என்ன செஞ்சீங்க?"

"தாழ்ப்பாளைக் கழட்டினேன்."

"திரும்பப் போட்டது யாருன்னு தெரியுமா? பார்த்தீங்களா?"

"அப்பா. நான்தான் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன்."

வக்கீலம்மாவின் பேனா நின்றது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மூணாவது மாடியில, கதவு உச்சியில தாழ்ப்பாள் எதுக்குன்னு கேட்கலையா?"

"கேட்கல."

"அந்தப் பக்கத்து வக்கீல் இதையேதான் கேட்பாரு. இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்த மகனுக்குத் தெரியாம இது நடந்துச்சாம், நம்ப முடியுதான்னு ஜட்ஜைப் பார்த்துச் சிரிப்பாரு. உங்களுக்கு ரொம்ப அசிங்கமா இருக்கும். என்ன சொல்லுவீங்க?"

"தெரியாதுன்னுதான் சொல்லணும்," என்றான். "அதுதான் உண்மை."

வக்கீலம்மா சாட்சிகள் பகுதியைத் திறந்து அவன் பெயரை எழுதினார். உறவு என்ற இடத்தில் மகன் என்று எழுதினார். யாருக்கு மகன் என்று எழுத அங்கே இடம் இல்லை.

படியில் இறங்கும்போது அம்மா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாததால் இருக்கும் என்று நினைத்தான். கீழே வந்த பிறகும் விடவில்லை.

*

வீட்டில் அப்பா மேசையில் தட்டு வைத்திருந்தார். சோறும் முட்டையும். அவன் காலையில் சாப்பிடாததை நினைவு வைத்துச் செய்திருக்கிறார். முட்டையை உரித்து அவன் தட்டில் வைத்தார்.

"எடுத்தாச்சா?"

"இல்லப்பா."

"வக்கீல் இல்லையா?"

"இருந்தாங்க. அம்மாவும் வந்தா. நான்தான் வேண்டாம்னேன்."

அப்பா அடுத்த முட்டையை எடுத்தார். ஓட்டைத் தட்டி, நுனியிலிருந்து பொறுமையாக உரித்தார். ஏன் என்று அவர் கேட்பார் என்று அவன் எதிர்பார்த்தான். அதெல்லாம் பொய் என்பார், சத்தியம் செய்வார், ஒருவேளை அழுவார். அப்படி ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்றுதான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தான். அப்பா எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததே போதுமானதாக இருந்தது.

"சாட்சியா என் பேரைக் கொடுத்திருக்கேன்," என்றான்.

உரித்த முட்டையை அப்பா தட்டில் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார். பேசியபோது குரல் வழக்கம் போலத் தாழ்ந்துதான் இருந்தது.

"செத்தும் அடங்க மாட்டேங்கறா உன் பொண்டாட்டி."

வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவன் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையிலும் பேசவில்லை. மனுவில் அவள் பெயரே இல்லை.

"அவளுக்கும் இதுக்கும் என்னப்பா?"

அப்பா முட்டையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கை கழுவினார். வெகு நேரம் கழுவினார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நானும் வக்கீல் வைக்கப் போறேன். பதில் மனு போடுவேன். தாழ்ப்பாள் போன அன்னைக்கு உன் பொண்டாட்டி இதே சமையலறையில நின்னு மாமனார்னும் பாக்காம என்கிட்ட என்ன பேசினாளோ, அத்தனையும் அதுல வரும். வார்த்தைக்கு வார்த்தை. திறந்த கோர்ட்ல படிப்பாங்க. உனக்கு அது வேணுமா? போய்ச் சேர்ந்தவளைக் கொண்டு வந்து கூண்டுல நிறுத்தணுமா? வெக்கமா இருக்காது?"

அவள் பேசியிருக்கிறாள். அவன் ஸ்க்ரூ டிரைவரை இருந்த இடத்தில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போன பிறகு, இங்கே தனியாக நின்று, இவரிடம் பேசியிருக்கிறாள். வெளியே வந்து ஒன்றுமே நடக்காதது போல அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டான்.

"கோர்ட்ல கேட்டுக்கோ."

அப்பா மிரட்டுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். அவள் போன பிறகு அவளுடைய பழைய குரல் பதிவுகளை அவன் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். வரும்போது உப்பு வாங்கி வாருங்கள், பேருந்து கிடைத்துவிட்டது, போனை எடுங்கள். எல்லாம் மனப்பாடம். புதிதாக இனி ஒரு வார்த்தை வராது என்பதைத்தான் அவனால் இத்தனை மாதமாக விழுங்க முடியவில்லை. அவன் கேட்காத வார்த்தைகள் கொஞ்சம் இந்த மனிதரிடம் மிச்சம் இருக்கின்றன.

"சரிப்பா," என்றான். "அங்கயே கேட்டுக்கறேன். ஒரு வார்த்தை விடாம எழுதச் சொல்லுங்க."